கேபிள் காரில் வந்த விருந்தாளி

பொங்கலுக்குச் சூரியனை நேரில் போய் அழைக்க வேண்டும் என்று இத்தனை காலமாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கதையில் ஆச்சரியப்பட வேண்டிய விஷயம். மற்றபடி அழைத்தால் வருவதும், வந்தவரை நல்ல இடத்தில் வைத்து உபசரிப்பதும், போகும்போது கையில் ஒரு பார்சலைக் கொடுத்து அனுப்புவதும் எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியங்கள்தான்.

நடந்தது நோர்வேயில், க்விட்ஃபொஸ் என்ற மலையூரில். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த இடுக்கில் ஒரு பெரிய அருவியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பிறகு எஞ்சினியர்மார் வந்தார்கள், அருவியைப் பிடித்துக் குழாய்க்குள் போட்டார்கள், குழாயிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள், மின்சாரத்தை வைத்துக் காற்றைப் பிடித்து உரமாக்கினார்கள், உரத்தை மூட்டை கட்டி உலகத்து வயல்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். தண்ணீர், காற்று என்று கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்த அந்தக் கெட்டிக்காரர்களுக்கு வெயிலை மட்டும் பிடிக்கத் தெரியவில்லை. இலையுதிர் காலத்தில் மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியன் மார்ச் மாதத்தில்தான் மறுபடி ஊருக்குள் தலைகாட்டும். வெயில் காணாதவன் சோர்ந்துபோவான், சோர்ந்துபோனவன் உரம் செய்ய மாட்டான் என்று யோசித்த கொம்பனி, தாராள மனதோடு மலை உச்சிக்கு ஒரு கேபிள் கார் போட்டுக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக மேலே போய், மரச்சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி முகத்தை நீட்டி, ஒரு கிழமைக்கு வேண்டிய வெயிலை வாங்கிக்கொண்டு இறங்குவார்களாம். பின்னர் தொழிற்சாலை மூடப்பட்டு மியூசியமாகிவிட்டது. கேபிள் கார் மட்டும் இன்றைக்கும் ஏறி இறங்குகிறது.

அந்த ஊரின் ஒரேயொரு தமிழ் வீடு மங்களேஸ்வரி அக்காவுடையது. அவருடைய கணவர் குகதாசன் தொழிற்சாலையின் கடைசிக் காலத்தில் அங்கே வேலைக்குப் போனவர். போன வருஷத்துக்கு முதல் வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன் பிறகும் அக்கா அங்கேயே இருந்து, முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, அவர்களிடம் பேச்சு வாங்கி, அவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு காலம் தள்ளினார். அவருடைய தமையன் குணசீலன் ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர், அதாவது அடுத்தவர் வாழ்க்கையைத் தன் கையால் ஒழுங்குபடுத்தாவிட்டால் நித்திரை வராத வகை நல்ல மனிதர். தங்கைக்கென்று தன் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, கட்டில் வாங்கி, சுவருக்கு அவளுக்குப் பிடித்த இளம்பச்சையில் வர்ணமும் பூசி வைத்துக்கொண்டு, எப்போது வருவாய் எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நவம்பர் மாதத்தில் ஒருநாள் அக்கா அவருக்குப் போன் எடுத்து, "அண்ணை, ஒரே இருட்டாக் கிடக்கு" என்று சொல்லி அழுதுவிட்டார். அந்த ஒரு வசனம் குணசீலனுக்குப் போதுமானதாக இருந்தது.

"தை பிறந்தவுடனை வந்து உன்னை ஏத்திக்கொண்டு போறன். பெட்டியைக் கட்டி வை" என்றார்.

"ஒருநாள் அழுதால் ஊரைவிட்டு ஓடுறதே அண்ணை? இஞ்ச எனக்கு ஆக்கள் இருக்கினம்."

"ஆக்களோ? அரை வருஷம் வெயிலைக் காணாத சனம். சூரியன் இல்லாத ஊரிலை ஒரு மனிசி தனிய இருக்கிறதே?"

அக்கா மூக்கைச் சிந்தினாராம். "அப்ப ஒண்டு செய்வம். இந்தமுறை சங்கத்துப் பொங்கலை இஞ்ச வையுங்கோ. சூரியனுக்கு முன்னாலை முறையாப் பொங்கிக் காட்டுறன். பொங்கினால் நான் இஞ்சதான், அதுக்குப் பிறகு நீங்கள் வாய் திறக்கக் கூடாது. பொங்காட்டில் உங்கடை பஸ்ஸிலை ஏறி வாறன்."

"சத்தியமா?"

"என்ரை மனிசன்மேலை சத்தியம்."

குணசீலன் உடனே ஒத்துக்கொண்டார். தை மாதத்தில் சூரியனே எட்டிப் பார்க்காத ஊரில் சூரியனுக்குப் பொங்கலா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, திரும்பி வரும்போது தங்கை உட்கார ஜன்னலோரத்தில் ஓர் இருக்கையை அன்றைக்கே ஒதுக்கிவைத்தார். ஆனால் அக்காவிடம் ஒரு திட்டமிருந்தது. மலை உச்சியில் தையிலும் வெயிலுண்டு. பானையைக் கேபிள் காரில் ஏற்றி மேலே கொண்டுபோய்ப் பொங்கிவிட்டால் முடிந்தது. அதனால்தான் "சின்னப் பானையாக் கொண்டாங்கோ, சின்னப் பானையாக் கொண்டாங்கோ" என்று போனில் எங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார்.

சொன்னால் கேட்கிற சங்கமா எங்களுடையது? பக்கத்து நகரத்துச் சங்கம் போன வருஷம் தங்கள் பொங்கல் பானையோடு படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தது, அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்கவில்லை, ஆகவே ஒஸ்லோ முழுக்கத் தேடி, கலியாணத்துக்குச் சமைக்கிற ஒருவரிடமிருந்து அதைவிடப் பெரிய பானை ஒன்றை வாங்கி, பஸ்ஸின் பின்பக்கத்தில் இரண்டு இருக்கைகளைக் கொடுத்து இருக்கைப் பட்டியும் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ரோல்ஸும் பற்றிஸும் கைமாற, பிளாஸ்கில் தேத்தண்ணி ஆற, விடியாத இருட்டில் மலை மலையாக ஏறி க்விட்ஃபொஸ்ஸில் நாங்கள் இறங்கியபோது, வானம் நீலமாக விடிந்திருந்தது, மலைகளின் உச்சியெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி வெயிலில் நின்றது, ஊரோ அடிவரைக்கும் நிழலில் கிடந்தது. வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், ஆள் நடந்து போகக்கூடிய பருமனில் மலையிலிருந்து இறங்கும் குழாய்கள், சிவப்புச் செங்கல் தொழிற்சாலை, அதன் நெற்றியில் பெரிய மணிக்கூடு என்று எல்லாவற்றையும் பார்த்து, அழகுதான் என்று ஒப்புக்கொண்டு, கேபிள் கார் நிலையத்துக்குப் போனோம்.

பானை கதவுக்குள் போகவில்லை.

நிமிர்த்திப் பார்த்தோம், சரித்துப் பார்த்தோம், வாயை முன்னே விட்டும் அடியை முன்னே விட்டும் பார்த்தோம். கேபிள் காரை ஓட்டும் ஒட்வார், வாயில் சொல்லை வீணாக்காத மனிதர், எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பானை பெரியது" என்றார். அக்கா அதை எங்களுக்கு மொழிபெயர்த்தும் சொன்னார். வீட்டில் ஒரு சின்னப் பானை இருக்கும்தானே, அதை எடுத்து வரலாமே என்று நான் வாயைத் திறந்தேன். சங்கத்துப் பொங்கலைச் சங்கத்துப் பானையில் பொங்காமல் கஞ்சிப் பானையிலா பொங்குவது என்று எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள். போதாததற்கு எங்கள் சங்கத்தில் பஞ்சாங்கம் பார்க்கிறவரும், ஒஸ்லோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருமான அம்பலவாணர், பானையின் கழுத்தில் மஞ்சளிலையும் மாவிலையும் கட்டியாயிற்று, கட்டின பானையை மாற்றவே கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர்தான் க்விட்ஃபொஸ்ஸுக்குச் சூரியோதயம் எத்தனை மணிக்கு என்று கணித்துச் சொன்னவர். அவருடைய பஞ்சாங்கத்தில் மலை இல்லை.

குணசீலன் தங்கையின் தோளில் மெதுவாகக் கைவைத்தார். வென்ற சந்தோஷம் முகத்தில் தெரியாமலிருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். "காணும் பிள்ளை. குளிருக்குள்ளை நிண்டு என்ன செய்யப் போறாய்? வா, பெட்டியைக் கட்டுவம்" என்றார்.

அக்கா அண்ணாந்து மலை உச்சியைப் பார்த்தார். "பானை மேலை போகாட்டில் அவர் கீழை வரட்டும்" என்றார். "ஆரிட்டையாவது வெத்திலை பாக்கு இருக்கே?"

"ஏன்?"

"போய்ச் சொல்லப் போறன்."

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களிடையே நல்லது கெட்டதற்கு ஒருவரை அழைப்பதென்றால் வீட்டுப் படியேறி, வெற்றிலைத் தட்டை நீட்டி, வாயால் சொல்ல வேண்டும். போனில் சொல்வதும் தபாலில் அனுப்புவதும் அழைப்பில் சேர்த்தியில்லை. போனில் சொன்னார்கள் என்பதற்காகத் தன் சொந்தத் தம்பி மகளின் கலியாணத்துக்குப் போகாமல், கூறைச் சீலையையும் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்து அழுத மாமி ஒருத்தி எனக்கு இருக்கிறாள். இப்படிப்பட்ட சனமாகிய நாங்கள் வருஷா வருஷம் முற்றத்தில் கோலம் போட்டு, பானை வைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் கொள்ளாமல், அவர் பாட்டுக்குப் போகிற வழியில் நம்மைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கிறோம்.

தட்டில் வெற்றிலையும் பாக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, பட்டுச் சேலைக்கு மேலே தடித்த கோட்டும் காலில் பனிச் சப்பாத்துமாக, அக்கா தனியே கேபிள் காரில் ஏறிப் போனார். நாங்கள் அண்ணாந்தபடி நின்றோம். வண்டி நிழலைத் தாண்டி வெயிலுக்குள் போய் ஒரு பொட்டாகப் பளிச்சிட்டு மறைந்தது. அடுத்த வண்டியில் அவர் இறங்கி வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"என்ன மாதிரி?" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"சொல்லியிட்டன்."

"என்னவாம்?"

"பாப்பம் எண்டவர்."

குணசீலன் பெருமூச்சு விட்டார். "பாப்பம் எண்டால் வரமாட்டன் எண்டுதானே அர்த்தம்" என்றார். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாங்களே எத்தனை பேருக்குப் பாப்பம் என்று சொல்லியிருக்கிறோம்.

"வெத்திலையை எடுத்தவர்" என்று சொல்லி அக்கா வெறுந்தட்டைக் காட்டினார்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? வெற்றிலையை எடுத்தவர் வந்தே ஆக வேண்டும். வருகிறவர் வரும்போது முற்றம் முற்றமாக இருக்க வேண்டுமே என்று நாங்கள் பரபரத்து, தொழிற்சாலையின் பழைய சாப்பாட்டு மண்டபத்துக்கு முன்னால் பனியை அள்ளி ஒதுக்கினோம். பனித் தரையில் அரிசிமாக் கோலம் போட்டால் யாருக்குத் தெரியும் என்று மஞ்சள் தூளில் கோலம் போட்டோம். ஊர்க்காரர் கொண்டுவந்து போட்ட பேர்ச் மரக் கட்டைகளை அடுக்கி மூன்று கல் அடுப்பு மூட்டி, நிறைகுடம் வைத்து, ஒஸ்லோ கடையில் வாங்கிய கரும்பை இரண்டு பக்கமும் பனிக்குவியலில் குத்தி நிறுத்தினோம்.

அடுத்த வண்டியில் அவர் வந்தார்.

வண்டி மலையை விட்டுப் புறப்பட்டபோதே மலை உச்சியில் இருந்த மஞ்சள் மெல்ல வடிந்து கம்பி வழியாக இறங்க ஆரம்பித்தது. வண்டி இறங்க இறங்க, முதலில் குழாய்கள் மினுங்கின, பிறகு தொழிலாளர் வீடுகளின் மேல்ஜன்னல்கள், பிறகு கீழ்ஜன்னல்கள், பிறகு எங்கள் மூக்குக்கண்ணாடிகள். நிலையத்தில் ஒட்வார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டியின் ஜன்னலைக் காற்றுக்குத் திறந்து வைத்து, மற்ற பயணிகளுக்குச் சொல்வதுபோல "படி வழுக்கும், பார்த்து" என்று அவரிடமும் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு நாங்கள் கேட்டபோது, வண்டியின் உட்பக்க வர்ணம் கொஞ்சம் கொப்பளித்துவிட்டது, மற்றபடி தொந்தரவில்லாத பயணி என்றார். அவர் எவ்வளவு பருமன் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நேராகப் பார்க்க முடியவில்லை. தோசைக்கல் அளவு என்று ஒருவரும் வண்டில் சில்லு அளவு என்று இன்னொருவரும் சொல்லி இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். எடுத்த படமெல்லாம் வெறும் வெள்ளையாகத்தான் வந்திருக்கிறது. சுடவில்லை என்பது மட்டும் நிச்சயம். காலையில் முற்றத்தில் குளித்துவிட்டு நிற்கும்போது முதுகில் படுமே, அந்த வெயில்.

க்விட்ஃபொஸ் சனம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. கத்தவில்லை, கும்பிடவில்லை, ஓடிவரவும் இல்லை. அவர்கள் பழக்கம் அப்படி. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நாற்காலி இல்லாதவர்கள் மண்டபத்துச் சுவரில் வரிசையாகச் சாய்ந்தார்கள், கண்ணை மூடி முகத்தை நீட்டினார்கள். நகரத் தலைவியான ரான்டி என்ற பெண்மணி, மாவு பிசைந்த கையோடு வந்து, அந்நாட்டவர் தெரிந்தவரைச் சந்தித்தால் சொல்வதுபோல, "போன தடவைக்கு நன்றி" என்று அவரிடம் சொன்னார். போன தடவை என்பது செப்டம்பர் மாதம். பள்ளிக்கூடத்தை விட்டார்கள். கொடியேற்றினார்கள். பெண்கள் ஈரத் துணிகளைக் கொண்டுவந்து பனிக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டார்கள். தீயணைப்புப் படையிலிருந்து ஒருவர் வந்து, வண்டி போகிற பாதையை மறைக்கிறார், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்றால் நல்லது என்று பணிவாகக் கேட்டுக்கொள்ள, அவரும் தள்ளி நின்றார். உடனே ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்கள், இப்போது எங்கள் பக்கம் நிழல் விழுகிறது என்று முறைப்பட, கலியாணப் படம் எடுக்கும்போது மாப்பிள்ளையை இப்படி நில் அப்படி நில் என்பார்களே, அதுமாதிரி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒருவருக்கும் குறையில்லாத இடத்தில் நிறுத்தினார்கள். முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலிகள் வந்தன. அதில் ஒன்றில் இருந்த இங்கபியோர் என்ற தொண்ணூறு வயதுக்காரி, கேபிள் காரில் ஏற முடியாமல் ஐந்தாறு குளிர்காலத்தை நிழலிலேயே கழித்தவள், யார் சொல்லியும் கேளாமல் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலை வெயிலுக்கு நீட்டிக்கொண்டு, "மங்களா! மங்களா! விரலெல்லாம் தெரிகிறது!" என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அன்றைக்கு ஒஸ்லோவில் நடுப்பகலிலேயே மம்மல் இருட்டாகிவிட்டதாம். முகில் என்று நினைத்தார்களாம். க்விட்ஃபொஸ்ஸில் இப்போது வருஷந்தோறும் தை பிறக்கும்போது நகரத் தலைவி தட்டெடுத்துக்கொண்டு மேலே போகிறார், வெற்றிலை கிடைக்காத வருஷத்தில் மலையில் முளைக்கிற ஏதோ ஒரு பச்சை இலையை வைக்கிறார், பாப்பம் என்று பதில் வந்தால் சந்தோஷமாகத் திரும்பி வந்து வாஃபிள் சுட ஆரம்பிக்கிறார். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எங்களுக்கு வேறு பிரச்சினை.

முதல் பிரச்சினை, கிழக்கு எது? பானையைக் கிழக்குப் பார்க்க வைத்திருந்தோம். வந்தவரோ மேற்கே கொடிக்கம்பத்தடியில் நிற்கிறார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொங்குவதா என்று பெண்கள் ஒருபக்கமும், அடுப்பைத் திருப்பினால் தோஷம் என்று ஆண்கள் ஒருபக்கமுமாகக் கத்த, எல்லாரும் அம்பலவாணரைப் பார்த்தார்கள். காலையில் மலையை மறந்த அவமானத்தில் பேசாமல் இருந்த மனிதர், எழுந்து தொண்டையைச் செருமினார். "அவர் நிக்கிற பக்கந்தான் கிழக்கு" என்றார். அவர் வாழ்நாளில் சொன்னதிலேயே இதுதான் சரியான கணிப்பு என்பது என் அபிப்பிராயம். அடுப்பைத் திருப்பி வைத்தோம்.

இரண்டாவது பிரச்சினைதான் பெரியது. பால் பொங்கவில்லை.

அந்தப் பானை நிறையப் பால், அந்தக் குளிர், தரையெல்லாம் பனி; அடுப்படியில் பனி உருகி விறகு ஈரமாகி, எரிவதைவிடப் புகைவதுதான் அதிகமாக இருந்தது. ஒரு மணியாயிற்று, ஒன்றரையாயிற்று, இரண்டும் ஆயிற்று, பாலில் ஒரு சின்ன ஆடை படர்ந்ததோடு சரி. ஒட்வார் வந்து, கடைசி வண்டி மூன்று மணிக்கு, அவர் மேலே போய்த்தான் முறைப்படி மறைய வேண்டும், அதைத் தாமதப்படுத்தத் தனக்கு அதிகாரமில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒரு பிள்ளை, "அவரைக் கொஞ்சம் அடுப்புக்குக் கிட்ட வரச் சொல்லுங்கோவன், ஒரு நிமிஷத்திலை பொங்கியிடும்" என்று வழி சொன்னது.

"விருந்துக்கு வந்தவரிட்டை வேலை வாங்கிறதே?" என்று அக்கா அதட்டினார்.

 அடுப்புக்கு முன்னால் முழந்தாளிட்டு, கண்ணெல்லாம் புகையும் நீருமாக, ஊதி ஊதி மூச்சு முட்டிப்போய் இருந்தார். அவருக்குப் பின்னால் அந்த ஊரே சுவரில் சாய்ந்து நின்றது. இங்கபியோர் காலுறையில்லாத காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பொங்காவிட்டால் இந்த ஆட்களை விட்டு, குகதாசன் படுத்திருக்கும் மலைச்சரிவுக் கல்லறையை விட்டு, இளம்பச்சைச் சுவருக்குள் போய் இருக்க வேண்டும். சத்தியம் சத்தியம்தான். நான் குணசீலனைப் பார்த்தேன். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றால், தங்கை பஸ்ஸில்.

தங்கை மறுபடி குனிந்து ஊதினாள். மூச்சு வராமல் இருமினாள்.

குணசீலன் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். "அரக்கு, கொஞ்சம் தள்ளியிரு" என்றார். கலியாணத்துக்கு மட்டும் போடுகிற அந்தக் கோட்டைக் கழற்றி ஈரத்தில் விரித்து, அதன்மேல் முழந்தாளிட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, ஈரமானதைத் தள்ளிக் காய்ந்ததை அடியில் கொடுத்து, நெஞ்சு முட்ட மூச்செடுத்து ஊதினார். அறுபது வயது மனிதர், மூக்குக்கண்ணாடியெல்லாம் சாம்பல் படிய, ஊதிக்கொண்டே இருந்தார். அவர் ஊதினால் அவர் தோற்பார் என்று எங்கள் பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்.  எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கு வெட்கமில்லை.

நெருப்பு பற்றியது. பானையின் அடி முழுக்கத் தழுவிப் பற்றியது. பால் சுருண்டது, கழுத்துக்கு ஏறியது, மஞ்சளிலையைத் தொட்டது, பிறகு ஒரேயடியாக நுரைத்து எழும்பி, நான்கு பக்கமும் வழிந்து, மஞ்சள் கோலத்தில் இறங்கிப் பனியை உருக்கிக்கொண்டு ஓடியது. "பொங்கலோ பொங்கல்!" என்று நாங்கள் கத்திய கத்தலுக்கு மலைகள் இரண்டும் திருப்பிக் கத்தின. வெடி கொளுத்தினால் பொலிஸ் வருமே என்று நாங்கள் தயங்கி நின்றபோது, மியூசியத்துக்குள் யாரோ ஓடிப்போய், மூடப்பட்ட நாளிலிருந்து ஊமையாகக் கிடந்த தொழிற்சாலைச் சங்கை இழுத்துவிட்டார்கள். அது ஊரையே தூக்கிப் போடுகிற மாதிரி ஊதியது, சுவரில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள், ரான்டி கையில் கரண்டியோடு துள்ளினார், செப்டம்பரிலிருந்து தங்கள் நிழலையே காணாத சனம் தங்கள் நீண்ட நிழல்களோடு சேர்ந்து பனியில் ஆடியது. அக்கா இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் பானையைச் சுற்றி இடும்போது அழுதுகொண்டே சிரித்தார்.

முதல் இலை அவருக்குப் படைத்தோம். சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் ஊர்க்காரர் வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்க முடியவும் இல்லை. இலை வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும். மூன்று மணிக்கு ஒட்வார் மணியடித்தார். அக்கா ஒரு டப்பாவில் பொங்கல் போட்டு மூடி, கேபிள் காரின் இருக்கையில் வைத்து, "பேந்தும் வாங்கோ" என்று சொல்லி அனுப்பினார். வண்டி ஏற ஏற, முதலில் எங்கள் முகத்திலிருந்தும், பிறகு ஜன்னல்களிலிருந்தும், பிறகு குழாய்களிலிருந்தும் மஞ்சள் வடிந்து போயிற்று. சனம் நாற்காலிகளை மடித்துக்கொண்டு, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

அடுப்படியில் அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். நான் இலை பொறுக்கிற சாட்டில் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணை, நவம்பர் வந்தால் இஞ்ச பேந்தும் இருட்டும்" என்றார் அக்கா. "எனக்கு அழுகையும் வரும். போனும் எடுப்பன். எடுத்தால் பெட்டியைக் கட்டச் சொல்லாதேங்கோ. அழுது முடியும்வரைக்கும் கேட்டுக்கொண்டு இருங்கோ. எனக்கு அது காணும்."

குணசீலன் கண்ணாடியைக் கழற்றிச் சாம்பலைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "ஓம்" என்றார்.

பஸ் கிளம்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. பழைய தொழில் மறக்காத அம்பலவாணர் முன்னும் பின்னும் நடந்து தலைகளை எண்ணினார். வெளியே தெருவிளக்கின் கீழே மங்களேஸ்வரி அக்கா இங்கபியோரின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், இருவருமாகக் கையசைத்தார்கள். அம்பலவாணர் ஜன்னலோரத்து வெறும் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தலைவர், ஒராள் குறையுது" என்றார்.

குணசீலன் அந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இல்லை" என்றார். "ஒருத்தரும் குறையேல்லை. பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்கோ."